செண்பகத்தோப்பிலிருந்து சிப்பிகுளம்வரை: நாங்கள் அளந்த 118 கிலோமீட்டர்

மலையடிவாரத்தில் கிளம்பி, பஸ் ஏறாமல், வழிகாட்டி யாரும் இல்லாமல், நடந்தே கடலுக்குப் போய்ச் சேர முடியுமா என்று இரண்டு மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். முடியும். 1989 டிசம்பர் 26ஆம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே கிளம்பி, 1990 ஜனவரி முதல் தேதி மதியம் கடலில் கால் வைத்தோம். ஏழு நாள், 118 கிலோமீட்டர். இதை எழுத இத்தனை வருடம் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. எழுத உட்கார்ந்தாலே கோபம் வந்துவிடும். கோபத்தில் எழுதினால் தூரமும் நேரமும் தப்பாகிவிடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கோபம் தணிகிற மாதிரி தெரியவில்லை. இனிக் காத்திருந்து பயனில்லை. தூரங்களை மட்டும் அன்றைய நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. மெஹருன்னிசா அதே பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர், என்னைவிட ஐந்து வயது இளையவள், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே இரும்புக் கடை. ஒவ்வோர் அரையாண்டு விடுமுறையிலும் பள்ளி சார்பில் பையன்களை எங்காவது மூன்று நாள் நடைப்பயணம் கூட்டிப்போவார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் கோலப்போட்டி.

மலையில் விழும் மழை கண்மாய் கண்மாயாக இறங்கி, வைப்பாற்றில் சேர்ந்து, கடலுக்குப் போவதை நான் வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். அந்தக் கோட்டின் மேல் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகலாமே என்று மெஹர்தான் முதலில் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பில் பன்னிரண்டு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். இருவரும் தலைமையாசிரியரிடம் போனோம். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம், வேண்டாம்.

“பாதை இருக்கா, தண்ணி இருக்கா, தங்க எடம் இருக்கா? எழுத்துல கொண்டாங்க டீச்சர். பொறவு பார்ப்போம்” என்றார்.

எங்களைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். நாங்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டோம்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை 5.40க்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறி, 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். மெஹர் இரண்டு துணிப்பைகளோடு நின்றாள். ஆளுக்கு ஒரு மாற்றுச் சேலை, போர்வை, தண்ணீர்க் கேன், அவல், வெல்லம். பால்கோவா கால் கிலோ வாங்கினோம். இரண்டாம் நாளே புளித்தது, நடைக்கு உதவாது. செண்பகத்தோப்பு 8 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபத்தைந்து ரூபாய். ஆட்டோக்காரர் பேச்சுக்காரர். நடந்தே கடலுக்குப் போகப்போகிறோம் என்றதும் யாருக்கு நேர்த்திக்கடன் என்று கேட்டார். நேர்த்திக்கடன் இல்லை, சும்மா நடக்கிறோம் என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காட்டு விளிம்பில் எங்களை மறித்தவர் ஒரு காவலாளி. அனுமதிக் கடிதம் கையில் இருந்தது. முன்னதாகவே எழுதி வாங்கியிருந்தோம். அதை இரண்டு முறை படித்துவிட்டு, “கூட யாரு வாராக?” என்றார்.

“நாங்க ரெண்டு பேருந்தான்.”

“அது சரி டீச்சர். ஆம்பள யாரு?”

கடிதத்தில் இரண்டு பெயர்தான் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினோம். உட்காருங்கள், பெரியவர் யாராவது வரட்டும் என்றார். மணி 7.50. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தோம். ஒன்பது ஆனது, பத்து ஆனது. அப்போது மேலேயிருந்து நான்கு பெண்கள் துடைப்பம் கட்டுகிற சீமாற்றுப் புல்லைக் கட்டித் தலையில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள். விடியும் முன்பே உள்ளே போனவர்கள். ஒருத்திக்கு அறுபது வயதிருக்கும், செருப்புகூட இல்லை. காவலாளி அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார், அவர்களும் ஆட்டிவிட்டுப் போனார்கள்.

மெஹர் எழுந்தாள். “அண்ணே, அவிய கூட ஆம்பள யாரு போனாக?”

“அவிய வேலைக்குப் போறவிய” என்றார், ரொம்பச் சாதாரணமாக.

சுமை தூக்க என்றால் பெண் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். பார்க்க என்று போகக்கூடாது. நான் இதைப் பிற்பாடு யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோதே இரண்டு பேருக்கும் புரிந்தது, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 10.40க்கு, பெரியவர் யாரும் வராததால், ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு காவலாளியே விட்டார். ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர், பல் கூசுகிற குளிர்ச்சி. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் பிரிந்து சேர்ந்து பிரிந்து போவதைப் பார்த்தேன். பத்து வருடமாக வரைந்துகொண்டிருந்த கோடு அங்கே சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. அதைப் பார்க்க எனக்கு இரண்டு மணி இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள், அதில் பாதி ஏறி இறங்கவே போயிற்று.

அன்று மாலை 8 கிலோமீட்டர் நடந்து மெஹர் வீட்டில் தங்கினோம். இரண்டாம் நாள் மல்லி வழியாக சிவகாசி, 19 கிலோமீட்டர், காலை 5.45க்குக் கிளம்பி 11.30. சாலையோரம் புளியமரம் உண்டு, நிழலுக்குக் குறைவில்லை. என் சித்தி வீட்டில் தங்கல். சித்தி எங்களைவிட அதிகமாக அழுதாள், கால் கொப்புளங்களைப் பார்த்து.

மூன்றாம் நாள் கிழக்கே 20 கிலோமீட்டர். அன்று தங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், அந்த லாட்ஜ் இப்போது இருக்கிறதா என்றும் தெரியாது. மாலை 5.20க்குப் போய்ச் சேர்ந்தோம். அறை வாடகை நாற்பது ரூபாய் என்று பலகையிலேயே எழுதியிருந்தது. மேனேஜர் பதிவேட்டை எடுத்தார், எங்கள் பின்னால் வாசலைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார். லேடீஸுக்குத் தனியாக அறை தருவதில்லை என்றார். நாங்கள் டீச்சர்கள் என்றோம், பள்ளி அடையாளச் சீட்டைக் காட்டினோம். டீச்சர் என்றால் இன்னும் மோசம் போலிருக்கிறது; வீட்டில் சண்டையா என்று கேட்டார்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர் பேச்சில் நுழைந்தார். எங்களை மரப்பெஞ்சில் உட்காரவைத்து, ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். எங்கிருந்து ஓடி வருகிறீர்கள்? பைகளைத் திறக்கச் சொன்னார். என் நோட்டை எடுத்து, கிணறுகளைக் குறித்த பக்கங்களைப் புரட்டி, இதெல்லாம் எதற்கு என்றார். வந்துபோகிற ஆட்களெல்லாம் நின்று பார்த்தார்கள். கடைசியில் வீட்டு ஆம்பளை யார், போன் நம்பர் சொல்லு என்றார். என் வீட்டில் போன் கிடையாது. மெஹர் வாயைத் திறக்கவில்லை. நான்தான் அவள் அத்தாவின் கடை நம்பரைச் சொன்னேன்.

லைன் கிடைக்க முக்கால் மணி நேரம். அத்தா பேசியது எங்களுக்கே கேட்டது, அவருக்கு அப்படிக் கனத்த குரல்.

“எம் மகதான். நடக்கப் போறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா. அவ ஓடி வரல, நடந்து வாரா. நீங்க ரூமைக் குடுங்க.”

மேனேஜர் சாவியை மேசைமேல் வைத்தார். நாங்கள் இரண்டு மணி நேரம் சொன்னபோது அசையாத அந்தச் சாவி, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஓர் ஆண் குரலுக்கு அசைந்தது. அத்தாமேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மனுஷனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் மெஹர், “அத்தா சொன்னதுக்காகக் குடுக்கிற ரூம் எனக்கு வேண்டாம்க்கா” என்றாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்போம் என்றாள். எனக்கு இடது குதிகாலில் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. ஒரு எட்டுக்கூட எடுத்து வைக்க முடியவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டேன்.

மெஹரும் அறைக்கு வந்தாள், ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலாம் நாள் இருக்கன்குடிவரை 8 கிலோமீட்டர்தான். அந்த எட்டும் அவள் நூறு அடி முன்னால் நடந்தாள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருமிடத்தில் அப்போது அணை கிடையாது, அகலமான மணல், ஓரமாகத் தெளிந்த தண்ணீர். அங்கே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே என் குதிகாலைத் தூக்கி மடியில் வைத்து, பஞ்சு வைத்துக் கட்டிவிட்டாள். “நம்பரை நீங்க சொல்லியிருக்கப்படாது” என்றாள். சொல்லியிருக்கக்கூடாதுதான். ஆனால் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இருக்கன்குடியில் எங்களுக்கு ராஜமரியாதை. நடந்து வந்திருக்கிறோம் என்றதும் அம்மனுக்கு நடந்து வந்தவர்கள் என்று அவர்களாகவே முடிவுசெய்து, மடத்தில் இடம் கொடுத்து, வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு கிறிஸ்தவச்சியும் ஒரு முஸ்லிம் பெண்ணும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. வயிறாரச் சாப்பிட்டேன். அதே கால்கள், அதே சேலை, முந்தின நாள் மட்டும் ஓடுகாலிகள். அந்தச் சாப்பாடு இறங்கியபோதும் மனசு எரிந்தது.

ஐந்தாம் நாள் 22 கிலோமீட்டர், பாதையில் மிகக் கடினமானது. கரிசல் காடு. முந்தின வாரம் பெய்த மழையில் மண் ஷூவில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். குச்சியால் சுரண்டிச் சுரண்டி நடந்தோம். கம்பும் மிளகாயும் கண்ணுக்கெட்டிய தூரம். நாகலாபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்தில், துணை சுகாதார நிலையத்தின் நர்ஸ் பாக்கியம் அக்காவிடம் தண்ணீர் கேட்டோம். அவர் எங்கள் கால்களைப் பார்த்தார். யார், எவர், கூட யார், ஒன்றும் கேட்கவில்லை. உப்புப் போட்டு வெந்நீர் எடுத்து வந்தார், இரவு அங்கேயே தங்கச் சொன்னார்.

அவருடைய பொறுப்பில் ஆறு கிராமம், எல்லாம் நடைதான். எங்கள் நோட்டைக் காட்டி, பிள்ளைகளைக் கூட்டி வருகிற திட்டத்தைச் சொன்னோம். எங்கே தங்குவது என்பதுதான் பிரச்சினை என்றோம்.

“எம்புட்டுப் பேரு?”

“பன்னெண்டு.”

“வராண்டாவுல படுத்துக்கிடட்டும். நானும் அதுகளோட படுத்துக்கிடுதேன். எம் பேரை அந்த நோட்டுல எழுதுங்க.”

அதோடு நிற்கவில்லை. முன்னும் பின்னுமாக வழியிலுள்ள ஊர்களில் எந்த நர்ஸ் வீடு, எந்த டீச்சர் வீடு நம்பலாம், எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். தலைமையாசிரியர் கேட்ட மூன்று கேள்விகளில் மூன்றாவதற்கு அங்கே, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் பக்கத்தில், விடை கிடைத்தது.

ஆறாம் நாள் 17 கிலோமீட்டரில் விளாத்திகுளம். மெஹரின் உறவினர் வீட்டில் தங்கினோம். ஏழாம் நாள் குளத்தூர் வழியாக 24. குளத்தூர் தாண்டியதும் முள்ளடர்ந்த உடைமரமும் உப்புக் காற்றும். மதியம் 2.10க்கு சிப்பிகுளத்தில் கடல். கரையில் பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார்கள், மலையிலிருந்து என்று மெஹர் சொன்னாள். அவ்வளவு தூரமா என்று ஆச்சரியப்பட்டு, மீண்டும் கருவாட்டைப் புரட்டினார்கள். மெஹர் சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்றாள். நான் ஈர மணலில் உட்கார்ந்து அழுதேன். வலியாலா சந்தோஷத்தாலா என்று கேட்டால், இரண்டும்தான்.

இங்கே கட்டுரையை முடித்திருக்கலாம். முடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இனிமேல் வருவது.

பதினான்கு பக்க அறிக்கை எழுதினோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிணறு, நிழல், கடை, தங்குமிடம். வரைபடம் நான் வரைந்தது, இந்தியன் இங்க்கில். தலைமையாசிரியர் வாங்கி இழுப்பறையில் வைத்தார். ஜூனில் கேட்டோம், பெற்றோர் சம்மதிக்கமாட்டார்கள் என்றார். மெஹர் பன்னிரண்டு வீட்டுக்கும் சைக்கிளில் போய்ப் பன்னிரண்டு கையெழுத்தோடு வந்தாள். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். நவம்பரில், இந்த வருடம் பெண்களுக்கு வேண்டாம், பார்ப்போம் என்றார்.

1991 ஜனவரியில் பாக்கியம் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நீங்கள் சொன்ன பிள்ளைகள் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இருபது பையன்களோடு ஒரு சார் வந்தார், கையில் உங்கள் கையெழுத்துள்ள வரைபடம் இருந்தது, பெண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன், அவருக்கு விவரம் தெரியவில்லை, பையன்களுக்கு வராண்டாவைக் கொடுத்தேன், தவறென்றால் மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்.

நான் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் கூச்சப்படவே இல்லை. “நல்ல பாதை டீச்சர். வீணாப் போகப்படாதுன்னுதான் குடுத்தேன்” என்றார். எங்கள் பெயரைப் பாராட்டிப் பள்ளி ஆண்டு மலரில் போட்டிருக்கிறாராம். போட்டிருந்தார். வழிநடத்தியவர் என்று அந்த சாரின் பெயர், உதவி என்று எங்கள் பெயர்.

நான் சத்தம் போட்டேன். அதுவரை பள்ளியில் நான் குரலை உயர்த்தியதில்லை. படம் திரும்பி வேண்டும் என்றேன். அது பள்ளிச் சொத்து என்றார். மெஹர் சத்தம் போடவில்லை. அடுத்த அரையாண்டு விடுமுறைக்கு நாமே கூட்டிப்போகிறோம் என்றாள், வெளியே வந்து.

கூட்டிப்போனோம். 1991 டிசம்பர், பள்ளியின் பெயர் இல்லாமல், பெற்றோரின் கையெழுத்தோடு. பன்னிரண்டில் எட்டுப் பேர் வந்தார்கள், இரண்டு அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். படத்தை நினைவிலிருந்து மறுபடி வரைந்தேன். லாட்ஜ் எதுவும் வேண்டியிருக்கவில்லை; பாக்கியம் அக்கா சொன்ன வீடுகளே வழி நெடுக இருந்தன. அவர் சொன்னபடியே வராண்டாவில் பிள்ளைகளோடு படுத்தார். ஏழாம் நாள் எட்டுப் பேரும் கடலுக்குள் ஓடினார்கள். பள்ளி திறந்ததும் எங்களுக்கு மெமோ. யாருடைய அனுமதியின் பேரில் மாணவிகளை அழைத்துச் சென்றீர்கள், மூன்று நாளில் விளக்கம் தரவும். மெஹர் எழுதிய விளக்கம் இவ்வளவுதான்: “அவர்களுடைய விருப்பத்தின் பேரிலும், அவர்கள் பெற்றோரின் அனுமதியின் பேரிலும். 118 கி.மீ. நடந்தோம். அனைவரும் நலம்.” நான் கீழே கையெழுத்துப் போட்டேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசி, ஜனவரி மட்டும் போங்கள், பிப்ரவரியிலிருந்து கரிசலில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மலையடிவாரத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஓடைக்கு முழு நாள் ஒதுக்குங்கள். காலை ஆறுக்குள் கிளம்பி பதினொன்றுக்குள் நிறுத்துங்கள், மிச்சத்தை மாலையில் நடங்கள். மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்காதீர்கள், ஒரு நாள் காத்திருங்கள். புது ஷூ வேண்டாம். என் தூரங்கள் பழையவை. சாலைகள் மாறியிருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாராவது உங்களை நிறுத்தி விசாரித்தால், பதில் சொல்லும் முன் அவருடைய பெயரையும் நேரத்தையும் அவர் கண் முன்னால் நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது பயணத்தில் மெஹர் அப்படித்தான் செய்தாள், பாதிப் பேர் அதோடு நகர்ந்துவிட்டார்கள்.

வராத நான்கு பேரைப் பற்றியும் சொல்லவேண்டும். இருவர் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். ஒருத்திக்கு மஞ்சள்காமாலை. நான்காவது கோமதி. பெயர் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் அவளுடையது; கடல் எப்படி இருக்கும் டீச்சர் என்று ஒன்பதாம் வகுப்பு முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவள். பையன்கள் போன அந்த டிசம்பரில் அவள் பள்ளியில் இருந்தாள், அவள் அப்பாவின் கையெழுத்து தலைமையாசிரியரின் இழுப்பறையில் இருந்தது. அடுத்த ஆவணியில் கல்யாணம் செய்து மேற்கே ஓர் ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கிளம்பும் முன் அவள் மாமியார் வீட்டுக்கு எழுதிப் பார்த்தோம், பதில் இல்லை. அவள் கடலைப் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.